முசியே அந்துவானின் முப்பத்திரண்டு கேள்விகள்

முசியே அந்துவான் இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராகத்தான் வந்தது. பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சாவு போஸ்டர் எல்லாம் உண்டு. மத்தியானம் கூட்டம் ஓய்ந்து, டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில் தலை நரைத்த ஒருவர் வந்து செல்போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்மா. நாளைக்குக் காலைல அடக்கம். எங்க சித்தப்பா" என்றார். திரையில் இருந்தது நானே எடுத்த போட்டோ. பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் பிரான்சுக்குக் காகிதம் அனுப்ப வேண்டிய மனிதரை நீலத்துணிக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்தது. "கொஞ்சம் சிரிங்க முசியே" என்று நான் சொன்னதற்கு, "உயிரோட இருக்கேனான்னுதான் கேக்கறான், சந்தோசமா இருக்கேனான்னு கேக்கல" என்று முறைத்த அதே முகம்.

போஸ்டருக்கு என்ன வாசகம் போடலாம் என்று கேட்டார் அண்ணன் மகன். அவர் பெயர் ஜில்பேர். சித்தப்பாவின் நெஞ்சுச் சளி முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டுப் பத்து நாள் முன்னால்தான் பிரான்சிலிருந்து வந்திருந்தார். 'அன்பே உருவான, பண்பின் சிகரமான' என்று ஆரம்பிக்கும் வாசகம் எல்லா டிடிபி கடையிலும் தயாராக இருக்கும். எனக்கு அதை அடிக்கக் கை வரவில்லை. "பேரும் நேரமும் போதும் சார்" என்றேன். அவரும் சித்தப்பாவை அறிந்தவர்தான் போலிருக்கிறது, சரி என்று தலையாட்டினார்.

இப்போது முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறோம், "நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்கக்கா" என்று நம் குழுவின் ஸ்டெல்லா கேட்கிறாள். நல்லதாக நாலு வரி தேறாது. தேறியதை எழுதுகிறேன். நாய்ப்பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கும் முகாம்களில் அந்த மனிதரோடு வெயிலில் நின்ற உங்கள் எல்லோருக்கும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்றாவது இருக்கும். அதனால் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா, அப்படிக் கூப்பிட்டால்தான் அவருக்குப் பிடிக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அந்துவான் அப்படி ஒரு சொல்தா. மனைவி அங்கேயே இறந்துபோனார், பிள்ளைகள் இல்லை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்காரர் என்பதால் பிரெஞ்சு அரசின் பதிவேட்டில் இவர் 'வெளிநாட்டில் வசிப்பவர்'. பிறந்த வீட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருந்துகொண்டு வெளிநாட்டில் வசித்தார். நம் குழுவுக்குத் தலைவராக இருங்கள் என்று கெஞ்சியபோது, "நான் வெளிநாட்டுக்காரன், எனக்கு எதுக்குப் பதவி? நான் சும்மா தொண்டு பண்றவன்" என்றார். சும்மா தொண்டு பண்ணியவர் வைத்ததுதான் ஏழு வருடம் நமக்குச் சட்டம். தலைவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது நாலு பக்கம் கையால் எழுதிய தாள் கொண்டுவந்தார். பிரான்சில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வேலை செய்த விலங்குக் காப்பகத்தில் நாயோ பூனையோ கேட்டு வருபவர்களிடம் நிரப்பச் சொல்லும் படிவம் அது. வரி விடாமல் தமிழில் எழுதியிருந்தார். முப்பத்திரண்டு கேள்விகள். வீடு சொந்தமா வாடகையா, சுவர் எவ்வளவு உயரம், ஒன்பதாவது கேள்வி நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், பதினேழாவது நீங்கள் வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், கடைசியாக முப்பத்திரண்டாவது: ஏன் இந்த நாய்? டைப் அடித்துக்கொண்டே, "பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க முசியே" என்றேன். "அதனாலதான் இந்த ஊர்ல கல்யாணம் எல்லாம் இந்த லட்சணத்துல இருக்கு மத்மசேல்" என்றார். நாற்பது வயதில் கல்யாணம் ஆகாமல் இருக்கும் ஒருத்தியைக் கடையில் நாலு பேர் முன்னால் 'மத்மசேல்', அதாவது குமாரி என்று கூப்பிட அவருக்குக் கூச்சமே இல்லை.

அந்தக் காப்பகத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே ஒரு கதை உண்டு. அங்கே தத்துக் கொடுக்கும் நாள் ஒன்றில் இவர் நாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். ஒரு கிழவி வந்து நாயைப் பார்த்துவிட்டு, இவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இங்கே பொறுப்பானவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாளாம். இருபது வருடம் அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர். நான்தான் என்று இவர் சொல்ல, அவள் காதில் வாங்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். "அந்த ஊர்ல எங்கிட்ட பேப்பர் கேக்காதது நாய் ஒண்ணுதான்" என்றார். "அதுக்காகத்தான் இங்க வந்து எல்லார்கிட்டயும் பேப்பர் கேக்கறீங்களா?" என்றேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு 'ற' விட்டுப்போயிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார்.

அந்த வாயாடித்தனத்துக்காகவோ என்னவோ, அடுத்த முகாமில் மேசையில் உட்கார என்னைக் கூப்பிட்டார். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை. பள்ளிக்கூட வளாகத்தில் ஷாமியானா, தக்காளி டிரேக்களில் நாய்க்குட்டிகள், அவற்றுக்கு அடியில் என் கடையின் வீணாய்ப்போன தாள்களைக் கிழித்துப் போட்ட மெத்தை. பிரான்சில் ஒரு வருடத்தில் பிறக்கும் நாய்களுக்கெல்லாம் ஒரே எழுத்தில் பெயர் வைப்பது வழக்கமாம். அந்த வருடத்து எழுத்து 'உ' என்று சொல்லி, சாக்கடை ஓரத்தில் எடுத்த குட்டிகளுக்கு உலிஸ், உர்பேன், உர்சுல் என்று அட்டை எழுதி மாட்டியிருந்தார். வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு "எங்க சின்னம்மா பேரு" என்று சிரித்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் மணி, ஜிம்மி என்று மாற்றிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

படிவத்தை நிரப்பி என்னிடம் கொடுப்பார்கள், நான் சரிபார்த்து அவரிடம் கொடுப்பேன், அவர் படித்துவிட்டுத் தலையைத் தூக்காமல் "நோன்" என்பார். முடியாது என்பதைத் தமிழில் சொன்னால் கெஞ்சுவார்களாம், பிரெஞ்சில் சொன்னால் புரியாமல் போய்விடுவார்களாம். பங்குச் சாமியாருக்கே நோன் சொன்னார். கோயில் வளாகத்துக்குக் காவலாக ஒரு குட்டி வேண்டும் என்று சாமியார் ஆசையாக வந்திருந்தார். "சாமி, உங்களுக்கு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை மாத்தல் வருது. புதுசா வர்ற சாமிக்கு நாய் புடிக்கலன்னா அதுக்கு எந்தப் பங்குல மாத்தல் போடுவீங்க?" என்றார். சாமியார் சிரித்துச் சமாளித்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு மாதாமாதம் யாராவது ஒருவர் முகம் செத்துப்போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டுதான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பிறப்புச் சான்று என்று நாள் முழுக்க அடுத்தவர் படிவத்தை நிரப்புகிறவள் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த ஆள் மறுபடி பஸ் பிடித்து வர வேண்டும். அதனால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டேன். அங்க அடையாளம் தெரியவில்லை என்றால் 'வலது முழங்கையில் மச்சம்' என்று போட்டுவிடுவேன். ரெட்டியார்பாளையத்தில் பாதிப் பேருக்கு வலது முழங்கையில் மச்சம் வந்தது என்னால்தான்.

என் கடை வாடிக்கையாளர் சுகுமார் குடும்பத்தோடு முகாமுக்கு வந்தார். பழுப்பு நிறக் குட்டி உர்சுலை அவர் மகள் கையிலிருந்து இறக்கவே இல்லை. நல்ல குடும்பம், சொந்த வீடு, மொட்டைமாடி. பதினேழாவது கேள்விக்கு, "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு சுகுமார் மகளோடு போட்டோ எடுத்துக்கொள்ளப் போய்விட்டார். கட்டம் காலியாக இருந்தது. கை சும்மா இருக்குமா? 'பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்' என்று எழுதினேன். அந்துவான் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "பக்கத்து வீட்டோட பேசற ஜனம்" என்று திருப்தியாகச் சொல்லி உர்சுலைக் கொடுத்தார்.

கோடை விடுமுறைக்குச் சுகுமார் குடும்பம் எட்டு நாள் ஊருக்குப் போனது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உர்சுலைக் கட்டி, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குண்டான் சோறும் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதாக அவர்கள் எங்கேயும் எழுதவும் இல்லை, எழுதியது நான். சொல்லாமல் கொள்ளாமல் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அந்துவானின் வழக்கம். நாலாம் நாள் போயிருக்கிறார். முனகல் கேட்டு, பக்கத்து வீட்டு மாடி வழியாக எழுபது வயதில் சுவர் தாண்டிக் குதித்திருக்கிறார். கயிறு குழாயில் சுற்றி, பின்னங்காலில் சுற்றி, இறுகிப்போய்க் கிடந்தது. உயிர் பிழைத்தது. டாக்டர்கள் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கடை நிறையக் கூட்டம். அந்துவான் வரிசையில் நிற்கவில்லை. படிவத்தைக் கண்ணாடிமேல் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது முசியே."

"அவன் சொன்னானா?"

"சொல்லல. காலியா இருந்துச்சு, நான் போட்டேன்."

"காலியா உட்டிருந்தா நான் கேட்டிருப்பேன். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்." படிவத்தை என் பக்கம் தள்ளினார். "இருபது காப்பி போடு."

அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார். போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று அடுத்த முகாமில் தெரிந்தது. மேசைக்கு மேசை, ஒவ்வொரு தொண்டர் முன்னாலும் ஒரு காப்பி ஒட்டியிருந்தது. என் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், மேலே 'தெரியாததை எழுதாதே.' என் கையெழுத்து ரெட்டியார்பாளையத்தில் யாருக்குத் தெரியாது? அன்று பள்ளிக்கூடக் குழாயடியில் நின்று நான் அழுததை ஸ்டெல்லா பார்த்தாள். "உடுக்கா, கெழவன் வாயே அப்படிதான்" என்றாள். வாய் இல்லை அது. திட்டம் போட்டு, என் கையாலேயே நகல் எடுக்கவைத்து, என்னை அறைந்த அறை. அந்த மனிதருக்கு மனசு என்று ஒன்று இருந்ததாக யாராவது இந்தப் புத்தகத்தில் எழுதினால் அந்த இருபது தாளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் நான் குழுவை விட்டுப் போகாமல் இருந்ததற்கு உர்சுல்தான் காரணம். மூன்று காலோடு அவர் வீட்டில் வளர்ந்துவந்தது. மூன்று முகாமுக்குக் கொண்டுவந்தும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தது. ராப்பகலாக அதே நினைப்பு. முறையாகப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஒன்பதாவது கேள்விக்கு 'இரண்டு மணி நேரம்' என்று எழுதினேன். முப்பத்திரண்டாவதுக்கு 'நாய் என்றால் பிடிக்கும்.' அவர் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். "காலைல எட்டுக்குத் தொறக்கற, ராத்திரி ஒம்போதுக்குச் சாத்தற. ரெண்டு மணி எந்த ஊர் கடிகாரத்துல? நோன்."

இரண்டாவது முறை உண்மையை எழுதினேன். பதின்மூன்று மணி நேரம். ஏன் இந்த நாய்? துணைக்கு. "துணை நாய்க்கா, ஒனக்கா?" என்றார். நோன்.

மூன்றாவது முறை, கடைக்கே கூட்டிக்கொண்டு வருவேன் என்று எழுதினேன். முப்பத்திரண்டாவதுக்கு மனசைத் திறந்து எழுதினேன்: 'என் தப்பால் அதற்குக் கால் போனது. நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.' அவர் ஒரு திங்கட்கிழமை உர்சுலையே கடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஓரமாக நின்றார். விழுப்புரம் பஸ் ஒவ்வொன்றும் ஹாரன் அடிக்க, அது ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டு ஒண்டியது. சான்றிதழோடு வந்த ஒரு பெண் வீலென்று கத்தினாள். ஒரு ஆள் காலாலேயே தள்ளினான். நான் அவனைப் போட்டுத் திட்டினேன். அந்துவான் எதையோ குறித்துக்கொண்டார்.

"நோன்" என்றார். "சத்தத்துல செத்துரும். அப்புறம், குத்த உணர்ச்சிக்கெல்லாம் நாய் குடுக்கறதில்ல. அதுக்குக் கோயில் இருக்கு, சர்ச் இருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "நீங்க யாரு சார் அதைச் சொல்ல?" என்றேன். சார் என்றால் அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். "பிரான்சுல எவளோ ஒரு கெழவி உங்களை மதிக்கலன்னு பாண்டிச்சேரில இருக்கறவங்க எல்லாரையும் போட்டு மிதிக்கறீங்க. பொறந்த ஊர்லயே வெளிநாட்டுக்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரியறீங்க இல்ல, உங்களை எந்த ஊரும் சேத்துக்காது!"

அந்துவான் குனிந்து மெஷினுக்கு அடியிலிருந்து உர்சுலை மெதுவாக வெளியே எடுத்தார். "கடை நல்லா இருக்கு மத்மசேல். நாய்க்கு நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு, தூக்கிக்கொண்டு போனார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. பதினோரு மாதம் நானும் முகாமுக்குப் போகவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, இன்னொரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. தான் உயிரோடு இருக்கும் காகிதத்தை இந்த வருடம் அந்தக் கடையில் நகல் எடுத்தார். என் பக்கம் திரும்பாமல் எடுத்தார். நானும் பார்க்காதவள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். அழவில்லை. ஒரு வாரம் கழித்து ஜில்பேர் மறுபடி கடைக்கு வந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர் பிரான்சுக்குத் திரும்ப வேண்டும். கையில் ஒரு கோப்பு. பின்னாலேயே அஞ்சலை உர்சுலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்துவான் வீட்டைப் பெருக்கித் துடைக்க வீராம்பட்டினத்திலிருந்து ஆறு வருடமாகத் தினம் பஸ்ஸில் வருகிறவள் அஞ்சலை. "இந்த நாயை நீங்க மூணு தடவை கேட்டிருக்கீங்க போல. எடுத்துக்குங்க" என்று ஜில்பேர் கோப்பைக் கொடுத்தார். போனில் ஸ்டெல்லாவும் அதையேதான் சொன்னாள். "இனிமே யாருக்கா நோன் சொல்லப் போறாங்க? கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

கோப்பைத் திறந்தேன். என் மூன்று படிவங்களும் வரிசையாக இருந்தன. மூன்றிலும் சிவப்பு மையில் நோன். மூன்றாவதில் அதற்குக் கீழே பென்சிலில் சின்னதாக ஒரு வரி: 'மறுபடியும் கேப்பா.'

பாவி மனுஷன். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கலாமே. அவர் எழுதியபடியே மறுபடியும் கேட்டேன்தான். கம்ப்யூட்டரில் இருந்த படிவத்தில் நாலாவதாக ஒன்று எடுத்தேன். அவர்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு நிரப்ப ஆரம்பித்தேன். ஒன்பது: பதின்மூன்று மணி நேரம். பதினேழு: யாரும் இல்லை. உண்மையை எழுத எழுத, இதற்கும் நோன்தான் என்று எனக்கே தெரிந்துகொண்டு வந்தது. விழுப்புரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. உர்சுல் துள்ளி எழுந்து அஞ்சலையின் இரண்டு காலுக்கும் நடுவில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "தே, சும்மா இரு, பஸ்ஸுதான்" என்று அவள் பார்க்காமலேயே அதன் தலையில் கையை வைத்தாள். நடுக்கம் நின்றது.

பேனாவை மூடினேன். புதிதாக இன்னொரு தாளை எடுத்து, "அஞ்சலை, நாய் ஒரு நாள்ல எத்தினி மணி நேரம் தனியா இருக்கும்?" என்று கேட்டேன்.

"எங்க?"

"உங்க வீட்ல."

"எங்க வூட்லயா? பதினோரு பேரு இருக்கோம். மனுசன் தனியா இருக்கறதுக்கே எடம் இல்ல."

அப்படியே எழுதினேன். "ஊருக்குப் போனா யாரு பாத்துப்பாங்க?"

"நான் எந்த ஊருக்குப் போவப் போறேன்? ஆடித் தேருக்கு ஊரே எங்க வூட்டுக்குத்தான் வருது. இன்னாத்துக்கும்மா இதெல்லாம் கேக்கற? எனக்கு நாய் வேணும்னு நான் சொன்னேனா?"

"ஏன் இந்த நாய்?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எங்க கேட்டேன்? முசியே ஆஸ்பத்திரிக்குப் போனதுலேர்ந்து என் செருப்புச் சத்தம் கேட்டாதான் சோத்துல வாய வைக்குது. இன்னா பண்றது? நாத்தனா கத்துவா. கத்திட்டுப் போறா."

ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால் ஆறு வருடத்தில் அவளிடம் யாருமே படிவத்தை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை, அவரும் நீட்டவில்லை. இதையும் அவர் கணக்கில் ஒரு குறையாக இங்கே எழுதி வைக்கிறேன். அஞ்சலை கைநாட்டு வைத்தாள். உர்சுல் மூன்று காலில் அவளுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டேன். அடக்கத்தன்று வராத அழுகை அன்றுதான் வந்தது, அவருக்காக இல்லை.

சரியாகப் பதினைந்தாம் நாள், போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வீராம்பட்டினத்துக்குப் போய் நின்றேன். படகு நிழலில் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் உர்சுல் படுத்திருந்தது. கழுத்தில் கயிறு இல்லை. தண்ணீர்ச் சட்டி இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அஞ்சலை கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னாம்மா இது, திருட்டு மாதிரி வந்து நிக்கற? நம்பிக்கை இல்லன்னா எதுக்குக் குடுத்த? செத்தும் அந்தாளு உட மாட்டான் போல!"

அவள் நாத்தனார், கொழுந்தனார், வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் என்று எல்லோரும் என்னை முறைத்தார்கள். இத்தனை வருடம் நாய் வாங்கியவர்கள் அந்துவானை முறைத்தார்களே, அதே முறைப்பு. நான் அசையவில்லை. முதுகு, வயிறு, காது எல்லாம் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். உர்சுல் வந்து என் கையை ஒருமுறை மோந்துவிட்டு நிழலுக்குத் திரும்பிப் போனது. "டீ குடிச்சிட்டுப் போ" என்றாள் அஞ்சலை. "இல்ல, அதுக்கும் ஃபாரம் எழுதணுமா?" டீ வாங்கிக் குடித்தேன். அடுத்த மாதமும் போவேன்.

முசியே அந்துவானை நான் மன்னிக்கவில்லை. அந்த இருபது தாளையும் மறக்க முடியாது. அவர் ஆன்மா சாந்தி அடையட்டும் என்று எழுத வேண்டிய இடம் இது. சாந்தியாக இருந்தால் அவருக்குப் பொழுது போகாது, அங்கேயும் வாசலில் உட்கார்ந்து யார் காகிதத்தையாவது படித்துக்கொண்டுதான் இருப்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோப்பு ஒன்றுதான். அதில் இப்போது என் பெயரில் நாலு படிவம் இருக்கிறது. மூன்றில் நோன் என்று எழுதியது அவர். நாலாவதை அப்புறம் உட்கார்ந்து முடித்து, சிவப்பு மையில் நோன் என்று எழுதியது நான். முப்பத்தோரு கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன் முசியே. முப்பத்திரண்டாவது கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.